கன்னத்தில் வைத்துக் கேட்ட பிள்ளை

தகரப் பேணியை அவள் காதில் வைக்கவில்லை. கன்னத்தில் வைத்தாள்.

மற்றப் பிள்ளைகள் பேணியைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கிலுக்குவார்கள். மதுஷா அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, கன்னத்தோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆட்டுவாள். பிறகு கீழே வைத்துவிட்டு, வரிசையில் இருந்து அதன் சோடியை எடுத்துத் தருவாள். ஒருநாளும் பிழைத்ததில்லை.

விளையாட்டு இதுதான். வெறும் ரின்பால் பேணிகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றுக்குள் மணல், ஒன்றுக்குள் அரிசி, ஒன்றுக்குள் புளியங்கொட்டை, ஒன்றுக்குள் சிப்பி என்று போட்டு வாயை மட்டையால் ஒட்டிவிடுவோம். ஒவ்வொரு வகையிலும் இரண்டு பேணி. எல்லாவற்றுக்கும் ஒரே நிறக் கடதாசி சுற்றியிருக்கும். பார்த்து வித்தியாசம் பிடிக்க முடியாது. கிலுக்கி, சத்தத்தைக் கொண்டுதான் சோடி சேர்க்கவேண்டும்.

எங்களுடையது தென்மராட்சிக் கிராமம் ஒன்றில், சனசமூக நிலையத்தோடு ஒட்டியிருக்கும் முன்பள்ளி. ஒரு மண்டபம், ஒரு குசினி, முற்றத்தில் ஒரு வேம்பு. ரீச்சர்மார் இரண்டு பேர். லோகேஸ் என்று நாங்கள் கூப்பிடும் லோகேஸ்வரி, இளம்பெண். மற்றது நான். இந்த வருடத்தோடு விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்து, தை பிறக்கப் பழையபடி கதவைத் திறக்கிறவள்.

மதுஷாவுக்கு அப்போது நாலரை வயதிருக்கும். கதைக்கமாட்டாள். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். "சரியான பிடிவாதம் ரீச்சர், நினைச்சால்தான் வாய் திறப்பாள்" என்று தாய் சுகந்தி சொல்லித்தான் சேர்த்திருந்தாள். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பாட்டு நேரத்தில் எல்லாருடைய வாயையும் பார்த்து வாயசைப்பாள். கை தட்டும் இடத்தில் கை தட்டுவாள். கூட்டத்துக்குள் ஒரு குறையும் தெரியாது.

அன்றைக்கு நான் விளையாட்டைக் கொஞ்சம் மாற்றினேன். பிள்ளைகளை எனக்கு முதுகு காட்டி இருத்தினேன். நான் பின்னால் இருந்து ஒரு பேணியைக் கிலுக்க, அவர்கள் தங்களுக்கு முன்னால் இருப்பவற்றில் அதன் சோடியைத் தேடி எடுக்கவேண்டும். கிலுக்கினேன். கைகள் நீண்டன. மதுஷா தன்பாட்டில் பேணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாகக் கிலுக்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அடுக்கிக்கொண்டேயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் லோகேசின் கை தவறி, கஞ்சிப் பானையின் மூடி சீமெந்துத் தரையில் விழுந்தது. பிள்ளைகள் திடுக்கிட்டுத் துள்ளினார்கள். ஒருவன் வீரிட்டு அழத் தொடங்கினான்.

மதுஷா அழுகிறவனைப் பார்த்தாள். இவன் ஏன் அழுகிறான் என்று கேட்பதுபோலத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

லோகேஸ் குசினி வாசலுக்கு வந்து நின்றாள். "ரீச்சர்..." என்றாள்.

மணல் ஆடும்போது பேணியில் வரும் அதிர்வு வேறு. புளியங்கொட்டை வந்து மோதும் அதிர்வு வேறு. பாரமும் வேறு. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை அதைத் தோலால் பிடித்திருக்கிறாள். நான், பார் எவ்வளவு கூர்ந்து கேட்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேணி கிடையாத காலம்

சென்ற கிழமை இந்தப் பத்தியில் எங்கள் முன்பள்ளிக் கூரையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். விளையாட்டுச் சாமான் அனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நன்றி மட்டும் சொன்னேன்.

ஏனென்றால் முன்பு ஒருதரம் அப்படி ஒரு பெட்டி வந்திருக்கிறது. மினுங்குகிற பிளாஸ்ரிக் சாமான்கள். பொத்தானை அமத்தினால் பாடும், மின்னும். பிள்ளைகள் பொத்தானை அமத்தினார்கள், பார்த்தார்கள், திரும்ப அமத்தினார்கள். பற்றரி தீர்ந்தது. பிறகு அவை மூலையில் கிடந்தன. பேணியும் மணலும் சிரட்டையும் அப்படியல்ல. அவை தாமாக ஒன்றும் செய்யா. பிள்ளைதான் ஏதாவது செய்யவேண்டும்.

ஆனால் அந்தப் பேணி கிடைப்பதும் ஒரு பாடுதான். சந்தியில் இருக்கும் தேநீர்க்கடைக்காரர் எடுத்துவைத்துத் தருவார். பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில் கடையில் வெறும் தேநீர்தான் ஊற்றினார்கள். "ரீச்சர், பாலைக் கண்ணாலை கண்டு எத்தினை நாள், பேணிக்கு நான் எங்கை போக?" என்று அவர் கையை விரித்தார். உள்ள பேணிகளுக்குத் திரும்பத் திரும்பக் கடதாசி ஒட்டி ஓட்டினோம்.

சிப்பி கொண்டுவருவது லோகேசின் பொறுப்பு. அவள் வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போவாள். கும்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் பொறுக்கிய சிப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவளுடைய திருநீற்றுக் கடதாசிச் சரையிலும் மணல் ஒட்டியிருக்கும்.

பெற்றோருக்கு இதெல்லாம் பிடிக்காது. "மண் அளையவோ ரீச்சர் பள்ளிக்கூடம் விடுறம்? எங்கடை வளவிலையும் மண் தானே கிடக்கு" என்று ஒரு தகப்பன் கூட்டத்திலேயே கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மறுமொழி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கொப்பி எங்கே, எழுத்து எங்கே, பக்கத்து ஊர் நேசறியில் ஏபிசிடி எழுதுகிறார்களே என்ற கேள்விகளோடுதான் ஒவ்வொரு வருடமும் விடிகிறது.

கண்ணாடி அலுமாரி

என்னுடைய அம்மாவும் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்தான். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அரிவரி வகுப்பு. நாங்கள் மெதடிஸ்த சபைக் குடும்பம். பள்ளிக்கூடமும் கோவிலும் ஒரே வளவுக்குள் இருந்தன.

அந்த வகுப்பில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. எப்போதோ இருந்துவிட்டுப் போன வெள்ளைக்கார மிஸ் ஒருவர் விட்டுப்போன மரச் சாமான்கள் உள்ளே அடுக்கியிருந்தன. நிறக் கட்டைகள், மணி கோத்த சட்டம், துளைக்குள் இறக்கும் உருளைகள். நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். பூட்டின் திறப்பு தலைமை ஆசிரியையிடம் இருந்தது. "பிள்ளையள் தொட்டால் பழுதாப்போம்" என்பார். பரிசளிப்பு விழாவன்று மட்டும் வெளியே எடுத்து மேசையில் வைப்பார்கள். விருந்தினர் தொட்டுப் பார்ப்பார்கள்.

சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது சாய்ந்திருந்த சுவரும் இல்லை. ஒரு பிள்ளையும் தொடாமலே அந்தக் கட்டைகள் போய்ச் சேர்ந்தன. அம்மா அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நான் இன்றைக்கும் எந்தச் சாமானையும் பூட்டிவைப்பதில்லை. தொலைகிறது, உடைகிறது, மத்தியானம் முழுவதும் குனிந்து பொறுக்கவேண்டியிருக்கிறது. இடுப்பு நோகிறது. இருந்தாலும் பூட்டுவதில்லை.

சுகந்தி சொன்னது

மூடி விழுந்த அன்று மத்தியானம் மதுஷாவைக் கூட்டிப்போகச் சுகந்தி வந்தாள். வேம்பின் கீழே அவளைத் தனியாக மறித்தேன். சுற்றிவளைத்துத் தொடங்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

"சுகந்தி, பிள்ளையின்ரை காதை ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டினால் நல்லம் போலை கிடக்கு."

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மதுஷா வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் ரீச்சர்."

நான் எதிர்பார்த்தது கோபத்தை. அல்லது அழுகையை. இதை எதிர்பார்க்கவில்லை.

"தவழேக்கையே தெரியும். பின்னாலை நிண்டு இரும்புத் தாச்சியிலை தட்டிப் பாத்தனான். திரும்பேல்லை. அடுத்த நாளும் தட்டினனான். பிறகு தட்டுறதை விட்டிட்டன்."

"இவ்வளவு நாளும் ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆருக்குச் சொல்ல? அவர் கட்டாரிலை. ஃபோனிலை அழுது என்ன செய்யிறது?" குரலை இறக்கினாள். "கௌசிக்குச் சுன்னாகத்திலை ஒரு இடம் சரிவரும் போலை இருக்கு ரீச்சர்."

கௌசி, சுகந்தியின் புருசனுடைய தங்கை. மதுஷாவுக்கு மாமி. சாவகச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளுக்கு முன்பு பேசிய சம்பந்தங்கள் ஒன்றும் கைகூடவில்லை என்பது ஊருக்குத் தெரிந்த விசயம்.

"அந்த வீட்டிலை ஒரு செவிட்டுப் பிள்ளை எண்டு கதை போனால் பரம்பரை எண்டுதானே சொல்லுவினம்? கலியாணம் குழம்பினால் வந்த மருமகளைத்தான் சொல்லுவினம். அது ஒருக்கால் முடியட்டும். அடுத்த நாளே நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறன்."

"எப்ப கலியாணம்?"

"இன்னும் நாள் வைக்கேல்லை."

"இது கதை பழகுற வயசு, சுகந்தி. ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கு."

அவள் என்னுடைய கையைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நடக்கக்கூடிய பிள்ளையை அவள் எப்போதும் தூக்கிக்கொண்டுதான் போவாள். கைவிட்டால், பின்னால் வாகனம் வந்தால் கேட்காதே என்ற பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த கிழமை மதுஷா வரவில்லை.

வான் கண்ணாடியில் ஒரு முகம்

பக்கத்து ஊர் நேசறிக்குச் சேர்த்துவிட்டார்கள். நான் காலையில் படலையைத் திறக்கும் நேரம் அந்த நேசறியின் வான் எங்களைத் தாண்டிப் போகும். யன்னல் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பிவைத்துக்கொண்டு மதுஷா இருப்பாள். வானின் நடுக்கத்தைப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என்னைக் கண்டால் சிரிப்பாள். கை அசைக்கமாட்டாள். கையை எடுத்தால் நடுக்கம் போய்விடுமே.

அங்கே அவள் நன்றாகச் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுகிற பள்ளிக்கூடம். அவளுக்கு நல்ல கண், நல்ல கை. கொப்பியில் நிறைய நட்சத்திரம் வாங்கினாளாம். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவளும் வாயசைத்திருப்பாள்.

ஒருநாள் பின்னேரம் மனம் கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுகந்தி ஓடிவந்து படலையிலேயே நின்றாள். உள்ளே அவளுடைய மாமனார் மாமியாரின் குரல் கேட்டது. வெயிலைப் பற்றிக் கதைத்தோம். தண்ணீர் உவராகிவிட்டதைப் பற்றிக் கதைத்தோம். அவளுடைய கண் முழுநேரமும் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து கையில் தந்தாள். அதைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தேன். அன்றைக்குப்போல ஒருநாளும் எனக்குக் கால் உளைந்ததில்லை.

மாமி வந்த நாள்

மழைக்காலம் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் போனபிறகு நனைந்த மணலைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு, ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கௌசி உள்ளே வந்தாள்.

"மேர்சி ரீச்சர், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"இரும் பிள்ளை."

இருக்கவில்லை. "என்ரை ஃபோன் அடிக்கேக்கை மதுஷா அதைக் கன்னத்திலை வைச்சுக்கொண்டு சிரிக்கிறாள். அதிருமட்டும் வைச்சிருக்கிறாள். காதிலை வைக்கிறாளில்லை. அண்ணியைக் கேட்டால், 'உங்கை முன்பள்ளியிலை பழக்கின விளையாட்டு' எண்டு சொல்லுறா. உண்மையே ரீச்சர்?"

நான் கையில் இருந்த மணலைத் தட்டினேன். சுகந்தியின் குளிர்ந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. வான் கண்ணாடியும் நினைவுக்கு வந்தது. கேட்காத இடத்தில் சொல்லாமல் இருந்தேன். முகத்துக்கு நேரே வந்து கேட்கிறவளிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தாச்சியில் தட்டிப் பார்த்ததையும், சுன்னாகத்து இடத்தையும் சொன்னேன்.

பிள்ளைகளின் சின்னக் கதிரையில் கௌசி அப்படியே இருந்துவிட்டாள். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன.

"என்ரை கலியாணத்துக்காகவோ?"

நான் மணல் தட்டை ஒரு பக்கம் தள்ளிவைத்தேன்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, ரீச்சர்."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு எழும்பினாள். "நாளைக்கு நான் லீவு. பெரியாஸ்பத்திரிக்குப் போறதெண்டால் முதல் எங்கை காட்டவேணும்? நீங்களும் வாறியளோ? எனக்கு அங்கை என்ன சொல்லுறதெண்டு தெரியாது."

முன்பள்ளியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நான் யோசிக்க, குசினிக்குள் இருந்து லோகேசின் குரல் வந்தது. "போங்கோ ரீச்சர். நான் பாக்கிறன்."

அடுத்தநாள் பஸ் தரிப்பிடத்துக்குப் போனால் மூன்று பேர் நின்றார்கள். கௌசி, மதுஷா, சுகந்தி. சுகந்தியின் முகம் வீங்கியிருந்தது. இரவு வீட்டில் என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தாள். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ் வந்ததும் அவள்தான் முதலில் ஏறி எனக்கு இடம் பிடித்துவைத்தாள்.

கட்டை போடும் விளையாட்டு

சாவகச்சேரியில் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் தந்தார்கள். அந்த நாளில் வேறொரு நாள் தந்தார்கள். நீள வாங்குகளில் இருந்தபடி காத்திருந்து காத்திருந்து எங்கள் மூவருக்கும் கதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மதுஷா மட்டும் அலுக்காமல் வாங்கின் இரும்புக் காலில் கையை வைத்து, யாராவது நடந்துபோனால் நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசியில் சோதிக்கும் அறை. சுவர் முழுவதும் மெத்தை ஒட்டிய சின்ன அறை. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ளே ஓர் இளம் பெண், கேள்திறன் சோதிப்பவர், மதுஷாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி அவளிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் கட்டையைக் கூடைக்குள் போடவேண்டும். சைகையால் பலதரம் காட்டிப் பழக்கினார். எங்கள் மண்டபத்தில் கிடப்பதைப்போன்ற கட்டைதான், நிறம் மட்டும் புதிது.

மதுஷா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கூடைக்குள் கட்டை விழுந்தது. திரும்ப ஒன்று. திரும்ப ஒன்று. சுகந்தி என்னுடைய தோளைப் பிடித்தாள். "கேக்குது ரீச்சர், பாருங்கோ, அவளுக்குக் கேக்குது" என்றாள்.

அந்தப் பெண் சிரித்தார். மதுஷாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தன்னுடைய முகமும் கையும் பிள்ளைக்குத் தெரியாதபடி ஒரு தட்டியை இழுத்து மறைத்துக்கொண்டார்.

கட்டை கூடைக்கு மேலே நின்றது. மதுஷா தட்டியைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்தாள். கை அந்தரத்திலேயே நின்றது.

"போடு பிள்ளை..." என்று சுகந்தி கிசுகிசுத்தாள். "போடு... போடு, என்ரை ராசாத்தி."

கனநேரத்துக்குப் பிறகு, சத்தத்தை நன்றாகக் கூட்டியிருப்பார்கள் போல, மதுஷாவின் புருவம் நெளிந்தது. கட்டையைப் போட்டாள். அப்படி இரண்டொரு தரம்தான். மற்ற நேரமெல்லாம் கை நின்ற இடத்தில் நின்றது.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, கருவி போட்டுப் பழக்கினால் ஓரளவு கேட்கும், கதை மெல்லத்தான் வரும் என்றார்கள். சுகந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிந்திப்போச்சோ?"

அந்தப் பெண் சுகந்தியின் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு வந்திட்டீங்கள் தானே அம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கௌசி கச்சான் கடலை வாங்கினாள். சுகந்தி கோதுடைத்து ஒவ்வொன்றாக மகளின் வாயில் வைத்தாள். ஒன்றை உடைத்துக் கௌசியின் பக்கம் நீட்டினாள். கௌசி வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கௌசி தானே சொன்னாள். "அதுக்கென்ன, பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்று நல்ல மாதிரித்தான் கதைத்தார்களாம். கொஞ்ச நாளில், சாதகத்தைத் திரும்பப் பார்த்ததில் ஏதோ பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். "அதாலைதானோ, வேறை எதாலையோ, ஆருக்குத் தெரியும் ரீச்சர்" என்றாள் கௌசி. அவள் இன்றைக்கும் அந்த மருந்துக்கடையில்தான் நிற்கிறாள். சம்பந்தம் போனதற்குப் பல நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது சுகந்திதான்.

திரும்பி வந்தவள்

கருவி வந்து சேரப் பல மாதங்களாயின. அது வந்த கிழமையே சுகந்தி மதுஷாவை எங்களிடம் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அவளோடு படித்த பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இவள் சின்னப் பிள்ளைகளோடு பாயில் இருந்தாள்.

அந்த வருடம் நான் உண்மையாகவே விட்டுவிட முடிவெடுத்திருந்தேன். லோகேசிடம் சொல்லியும் இருந்தேன். மதுஷாவை அவள் உள்ளே கூட்டிவரும்போது என்னை ஒருதரம் பார்த்தாள். நான் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

முதல்நாள் வந்து சற்று நேரத்துக்குள் மதுஷா இரண்டு காதையும் பொத்தினாள். தகரக் கூரை, சீமெந்துத் தரை, பத்திருபது பிள்ளைகளின் வாய். எங்களுக்குப் பழகிய இரைச்சல் அவளுக்கு ஒரேயடியாக வந்து விழுந்தது. கருவிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மணல் தட்டுக்குப் போய்விட்டாள்.

கழற்றக் கழற்ற மாட்டிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாட்டினேன். கழற்றினாள். மாட்டினேன். ஓடினாள். பிடித்து மாட்டினேன். என்னுடைய கையைக் கடித்தாள். கிழமைக்கணக்காக இதுதான் எங்கள் பாடம். பின்னேரங்களில் வீட்டுக்குப் போய் விளக்கையும் போடாமல் கதிரையில் இருந்துவிடுவேன்.

ஒருநாள் பிள்ளைகள் கட்டைகளை உயரமாக அடுக்கி, கத்திக்கொண்டே சரித்தார்கள். மதுஷா என்னிடம் வந்தாள். என்னுடைய முகத்தை நாடியில் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"தத்தம்" என்றாள்.

நான் விளங்காமல் பார்த்தேன்.

"தத்தம்!" முகத்தைச் சுளித்துக் கட்டைகளைக் காட்டினாள். கௌசி வீட்டில் வைத்துக் கதவைத் தட்டியும் மிக்சியைப் போட்டும் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்த சொல். அவளுடைய வாயில் இருந்து நாங்கள் கேட்ட முதல் சொல் ஒரு முறைப்பாடு.

"ஓம் பிள்ளை" என்றேன். "சத்தம். சரியான சத்தம்."

லோகேசைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்தாள். "ஒருக்கால் திரும்பச் சொல்லு, செல்லம்" என்று இரண்டு பேரும் கெஞ்சினோம். மதுஷா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கருவிகளை நிதானமாகக் கழற்றி, ஒவ்வொன்றாக என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூடிய கைக்குள் அவை மெல்லக் கீச்சிட்டன. பிறகு எழும்பி, அவற்றைத் திரும்ப மாட்டிவிட அவளிடம் போனேன்.